ஓபன்சிவி நிறுவும்போது வரும் தடங்கல்கள்: கேள்வி-பதில்

ஓபன்சிவி என்பது படங்களையும் காணொளிகளையும் கையாளும் நூலகம். பைதன் மொழியில் அதை நிறுவப் பாவிக்கும் கருவி பிப். புரோகிராமுக்குள் அதன் பெயர் சிவி2.

வெள்ளவத்தை வாசகி: விண்டோஸ் 11இல் பிப் மூலம் ஓபன்சிவி நிறுவினேன். ‘சக்சஸ்ஃபுலி இன்ஸ்டால்ட்’ என்று வந்தது. புரோகிராமை ஓட்டினால் ‘நோ மொடியூல் நேம்ட் சிவி2’ என்கிறது. ஏன்?

அநேகமாக உங்கள் கணினியில் இரண்டு பைதன் இருக்கிறது. பிப் ஒன்றுக்குள் நிறுவியிருக்கிறது, புரோகிராம் மற்றதில் ஓடுகிறது. கமாண்ட் புரொம்ப்டில் ‘பை -0பி’ என்று கொடுங்கள். எந்தெந்தப் பைதன் எங்கே இருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். நட்சத்திரக் குறி உள்ளதுதான் வழமையாக ஓடுவது. இனி வெறும் ‘பிப்’ பாவிக்காமல் ‘பை -எம் பிப் இன்ஸ்டால் ஓபன்சிவி-பைதன்’ என்றே கொடுங்கள். விஎஸ் கோட் பாவிப்பதானால் அதன் கீழ் வலது மூலையில் தெரியும் பைதனும் அதுவாகவே இருக்க வேண்டும்.

நிறுவிய பிறகு ‘டிஎல்எல் லோட் ஃபெயில்ட்’ என்று வந்தால் அநேகமாக மைக்ரோசொஃப்டின் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் இல்லை என்று பொருள். மீடியா வசதிகள் நீக்கப்பட்ட விண்டோஸ் ‘என்’ பதிப்பு என்றால் மீடியா ஃபீச்சர் பெக்கையும் சேர்க்க வேண்டும்.

கொட்டாஞ்சேனை வாசகர்: ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகையில் பிப் ‘எக்ஸ்டேர்னலி மேனேஜ்ட் என்வயர்மென்ட்’ என்று மறுக்கிறது. இணையத்தில் சொல்கிறபடி அந்தத் தடையை மீறும் ‘பிரேக் சிஸ்டம் பெக்கேஜஸ்’ தெரிவைப் போடலாமா?

தயவுசெய்து போடாதீர்கள். ராஸ்பெரி பையின் இயங்குதளத்துக்கு அடிப்படையான டெபியனில் 12இலிருந்து, உபுண்டுவில் 23.04இலிருந்து, சிஸ்டத்தின் பைதனில் பிப் கைவைக்க விடாமல் பூட்டியிருக்கிறார்கள். இயங்குதளத்தின் சொந்தக் கருவிகளே அந்தப் பைதனை நம்பி ஓடுகின்றன. பிப் அதில் ஒரு பதிப்பை மாற்றிவிட்டால் சம்பந்தமே இல்லாத ஏதோவொன்று நின்றுபோகும்.

‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைதன்3-ஓபன்சிவி’ மிக எளிய வழி. பதிப்பு சற்றுப் பழையதாக இருக்கும், அவ்வளவுதான். புதியது வேண்டுமென்றால் வீஎன்வீ மூலம் தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி, அதைச் செயற்படுத்தி, உள்ளே பிப்பை ஓட்டுங்கள். முதலில் பிப்பையே புதுப்பியுங்கள். 19.3க்கு முந்திய பிப்புக்கு இப்போதைய வீல் கோப்புகள் (முன்பே கம்பைல் செய்த பொதிகள்) தெரியாது. மூலநிரலை இறக்கித் தானே கம்பைல் செய்யத் தொடங்கும். 1 ஜிபி ரேம் உள்ள பலகையில் அது மணிக்கணக்காக ஓடி, நினைவகம் போதாமல் இடையில் நின்றுவிடும். திரையில் ‘பில்டிங் வீல்’ என்ற வரி அசையாமல் நின்றால் உடனே நிறுத்திவிடுங்கள்.

தெஹிவளை வாசகர்: உபுண்டு சேர்வரில் ஓபன்சிவியை ஓட்டினால் ‘லிப்ஜிஎல்.எஸ்ஓ.1’ என்ற திரை வரைகலைக் கோப்பு இல்லை என்கிறது.

சேர்வரில் திரை இல்லை. ஜன்னல் திறக்கும் வசதி உங்களுக்குத் தேவையும் இல்லை. ஓபன்சிவி-பைதனை நீக்கிவிட்டு, ஜன்னல் வசதி இல்லாத ஓபன்சிவி-பைதன்-ஹெட்லெஸ் போடுங்கள். சாதாரணம், கூடுதல் கூறுகள் சேர்ந்த கொன்ட்ரிப், அவற்றின் ஹெட்லெஸ் வடிவங்கள் என நான்கு பொதிகள் இருக்கின்றன. நான்கும் சிவி2 என்ற ஒரே பெயரில்தான் போய் உட்காரும். ஒரு சூழலில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். ஏற்கனவே கலந்துவிட்டால் எல்லாவற்றையும் நீக்கி ஒன்றை மட்டும் மீண்டும் நிறுவுங்கள்.

பம்பலப்பிட்டி வாசகி: ஓடிக்கொண்டிருந்த புரோகிராம், நம்பையைப் புதுப்பித்ததும் விழுந்துவிட்டது.

நம்பை என்பது ஓபன்சிவி நம்பியிருக்கும் எண் கணக்கு நூலகம். 2024 ஜூனில் நம்பை 2.0 வந்தது. நம்பை 1க்காகக் கம்பைல் செய்த பழைய ஓபன்சிவி அதில் ஓடாது. ஓபன்சிவியை 4.10.0.84க்கோ அதற்கு மேலோ உயர்த்துங்கள். முடியாவிட்டால் நம்பையை 2க்குக் கீழே இறக்குங்கள்.

மட்டக்குளி வாசகர்: படத்தின்மேல் தமிழில் பெயர் எழுதினால் கேள்விக்குறிகளாக வருகின்றன. எந்தப் பொதியை நிறுவவில்லை?

நிறுவியதில் பிழை இல்லை. ஓபன்சிவியின் ‘புட்டெக்ஸ்ட்’ பாவிக்கும் ஹேர்ஷி எழுத்துருக்களில் தமிழே கிடையாது. படத்தைப் பில்லோ என்ற இன்னொரு பைதன் பட நூலகத்துக்கு மாற்றி, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவால் எழுதி, திரும்பக் கொண்டுவாருங்கள். ஓபன்சிவி நிறங்களை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் வைக்கிறது, பில்லோ சிவப்பிலிருந்து தொடங்குகிறது. போகும்போதும் வரும்போதும் மாற்ற மறந்தால் முகங்கள் நீலமாகும்.

இத்தோடு முடியவில்லை. ‘கை’ என்று எழுதினால் ஐகாரக் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கலாம். எழுத்துகளைச் சரியாக ஒழுங்குபடுத்துவது ராக்ம் என்ற நூலகம். அதற்கு ஃப்ரிபிடி என்ற இன்னொரு நூலகத்தின் துணை வேண்டும். பில்லோவின் ‘ஃபீச்சர்ஸ்’ பகுதியில் ‘செக்’ செயற்கூற்றுக்கு ‘ராக்ம்’ என்று கொடுத்துப் பாருங்கள். ‘ஃபோல்ஸ்’ வந்தால், உபுண்டுவில் ‘லிப்ஃப்ரிபிடி0’ பொதியை ஆப்ட் மூலம் நிறுவிவிட்டு மறுபடி சோதியுங்கள்.