பிளேடு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வியட்நாம் போர் பற்றிய உங்கள் கட்டுரையில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ‘டைகர் ஃபோர்ஸ்’ என்ற அமெரிக்கப் படைப்பிரிவு செய்த கொலைகளை முப்பத்தாறு வருஷம் கழித்து வெளியே கொண்டுவந்தது நியூயார்க் பத்திரிகையோ வாஷிங்டன் பத்திரிகையோ அல்ல, ஓஹையோ மாநிலத்தில் டொலிடோ என்ற ஊரின் ‘பிளேடு’ நாளிதழ் என்று. நான் அச்சுப்பிழை என்றே நினைத்தேன். பத்திரிகைக்கு யாராவது பிளேடு என்று பேர் வைப்பார்களா? எங்கள் ஆபீசில் ஒருவருக்கு அந்தப் பட்டப்பெயர் உண்டு. அவர் வாயைத் திறந்தால் நாங்கள் டீ குடிக்கக் கிளம்பிவிடுவோம்.

தேடிப் பார்த்தேன், நிஜம்தான். இரண்டு கேள்விகள். அந்தப் பெயர் எப்படி வந்தது? இரண்டாவது: பெரிய பத்திரிகைகள் செய்யாததை ஒரு சின்ன ஊர்ப் பத்திரிகையால் எப்படிச் செய்ய முடிந்தது? சின்னப் பத்திரிகையிடம்தான் நேர்மையும் துணிச்சலும் மிச்சமிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

இரா. செ., திருநெல்வேலி

அன்புள்ள இரா. செ.,

முதல் கேள்வி சுலபம். ஸ்பெயினில் அதே பெயரில் ஒரு பழைய நகரம் இருக்கிறது. வாள் அடிப்பதில் பேர்போன ஊர். ‘டொலிடோ பிளேடு’ என்றாலே அந்தக் காலத்தில் உயர்ந்த ரக எஃகு வாள் என்று அர்த்தம். மௌமி ஆறு ஈரி ஏரியில் கலக்கிற இடத்தில் முளைத்த அமெரிக்க ஊருக்கு அந்த நகரத்தின் பெயரை வைத்தார்கள். ஊருக்கு ஒரு பத்திரிகை வந்தபோது மிச்சமிருந்த பாதிப் பெயரை அது எடுத்துக்கொண்டது. ஆக, சவரம் செய்கிற பிளேடு இல்லை, போர்வாள்.

போர்வாள் என்று பேர் வைக்கவும் அப்போது காரணம் இருந்தது. பிளேடின் முதல் இதழ் வந்தது 1835 டிசம்பரில். அந்த வருஷம் முழுக்க டொலிடோ யாருக்குச் சொந்தம் என்று ஓஹையோவும் மிச்சிகனும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. இரண்டு பக்கமும் படை திரட்டினார்கள். வரலாற்றில் இதற்கு ‘டொலிடோ போர்’ என்றே பெயர். இந்த மகா யுத்தத்தில் ரத்தம் சிந்திய ஒரே ஆள் ஒரு மிச்சிகன் துணை ஷெரீப். அவரைப் பேனாக்கத்தியால் குத்தியவரின் பெயர் டூ ஸ்டிக்னி. டூ என்றால் ‘இரண்டு’ தான். அவருடைய அப்பா மூத்த மகனுக்கு ஒன்று என்றும் அடுத்தவனுக்கு இரண்டு என்றும் பேர் வைத்திருந்தார். நான் விளையாடவில்லை. கடைசியில் டொலிடோ ஓஹையோவுக்குப் போனது, மிச்சிகனுக்கு ஈடாக வடக்கே ஒரு பெரிய காட்டுப் பிரதேசம் கிடைத்தது. அந்தக் காட்டில் பிறகு செம்பும் இரும்பும் கிடைத்தன என்பது ஓஹையோக்காரர்கள் பேச விரும்பாத விஷயம்.

வாரப் பத்திரிகையாக ஆரம்பித்த பிளேடு 1848-ல் நாளிதழானது. ஆனால் அதை நாடு முழுக்கத் தெரியவைத்தவை கடிதங்கள், அதுவும் பொய்க்கடிதங்கள். வாசகர் கடிதத்துக்குப் பதில் எழுதுகிற இடத்தில் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. டேவிட் ராஸ் லாக் என்று ஒரு பத்திரிகைக்காரர். உள்நாட்டுப் போர் நடந்தபோது பக்கத்து ஊரான ஃபின்ட்லேயில் ஒரு பத்திரிகை நடத்தியவர், 1865-ல் பிளேடுக்கு வந்தார். ஃபின்ட்லேயில் இருந்தபோதே பெட்ரோலியம் வெசூவியஸ் நாஸ்பி என்று ஒரு ஆளைக் கற்பனையாக உருவாக்கி, அவன் எழுதுவதுபோல் கடிதங்கள் எழுதினார். நாஸ்பி ஒரு சோம்பேறி, மொடாக்குடியன், தன்னைப் பாதிரி என்று சொல்லிக்கொள்பவன், அடிமை முறையின் தீவிர ஆதரவாளன். வரிக்கு நாலு எழுத்துப்பிழையோடு அடிமை முறைக்காக மூச்சுப்பிடித்து வாதாடுவான். அவன் வாதாட வாதாட அந்தக் கட்சியின் சாயம் தானாக வெளுக்கும். எதிராளியைத் திட்டுவதற்குப் பதில் அவனுடைய குரலிலேயே பேசவிட்டுக் கவிழ்க்கிற வித்தை.

லிங்கனுக்கு இந்தக் கடிதங்கள் என்றால் உயிர். தனக்கு அவர் வாய்விட்டு வாசித்துக் காட்டியதைச் செனட்டர் சார்ல்ஸ் சம்னர் எழுதிவைத்திருக்கிறார். பிளேடின் வாரப் பதிப்பு லட்சத்துக்கு மேல் விற்றது, 1880-ல் அந்த ஊரின் மொத்த ஜனத்தொகையே ஐம்பதாயிரம்தான் என்கிற நிலையில். லாக் பிற்காலத்தில் மதுவிலக்குக்காகப் பத்திரிகையில் பெரிய பிரசாரமே செய்தார். அவரும் நன்றாகக் குடிப்பவர்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. அதில் ஒரு வார்த்தையில் எனக்குச் சம்மதம் இல்லை: ‘சின்ன’. 2000-ல் டொலிடோவில் மூன்று லட்சத்துக்கு மேல் ஜனம். கண்ணாடித் தொழிற்சாலைகளும் ஜீப் தொழிற்சாலையும் இருக்கிற தொழில்நகரம். பிளேடும் ஏழைப் பத்திரிகையாக இருந்ததில்லை. பால் பிளாக் என்ற பத்திரிகை முதலாளி 1926-ல் அதை வாங்கினார். 1938-ல் போட்டிப் பத்திரிகையான நியூஸ்-பீ மூடப்பட்டது. காலைப் பத்திரிகையான டொலிடோ டைம்ஸும் பிளாக் குடும்பத்தின் கையில்தான் இருந்தது, 1975-ல் அதுவும் நின்றது. அதன் பிறகு ஊரில் பிளேடு ஒன்றுதான். வீடு விற்கவேண்டுமா, கார் வாங்கவேண்டுமா, மரண அறிவிப்பு போடவேண்டுமா, எல்லா விளம்பரமும் ஒரே கல்லாவில் விழுந்தது. இதைத் துணிச்சல் என்பதைவிட ஏகபோகம் என்பதுதான் சரி. ஆனால் அந்தக் கல்லாவில் விழுந்த பணத்தில்தான் பின்னால் நடந்ததெல்லாம் நடந்தது. ஏகபோகத்தைத் திட்டுகிறவர்கள் (நானும் திட்டுகிறவன்தான்) இந்த இடத்தில் கொஞ்சம் திணறுவோம்.

டைகர் ஃபோர்ஸ் அமெரிக்க ராணுவத்தின் 101-வது வான்வழிப் பிரிவைச் சேர்ந்த, ஏறக்குறைய 45 பேர் கொண்ட ஒரு சிறு அணி. 1967 மே முதல் நவம்பர் வரை மத்திய வியட்நாமின் மலையடிவாரங்களில் திரிந்தது. வயலில் வேலைசெய்த வயதான விவசாயிகளைச் சுட்டார்கள். பதுங்குகுழியில் ஒளிந்திருந்த பெண்களையும் குழந்தைகளையும் கையெறிகுண்டு வீசிக் கொன்றார்கள். செத்தவர்களின் காதை அறுத்து மாலையாகப் போட்டுக்கொண்டவர்களும் அதில் உண்டு. ராணுவத்துக்கு இது தெரியாமல் இல்லை. 1971-ல் ஆரம்பித்து நாலரை வருஷம் விசாரித்தது. 18 பேர் போர்க்குற்றம் செய்ததாக விசாரணையாளர்களே முடிவுக்கு வந்தார்கள். ஒருவர்மேலும் வழக்குப் போடவில்லை. கோப்பு உள்ளே போய்விட்டது.

அந்தக் கோப்பு வெளியே வந்த கதைதான் உங்களுக்கான பதில். ராணுவக் குற்றப்புலனாய்வுப் பிரிவின் தலைவராக இருந்த ஹென்றி டஃப்ட்ஸ் சில காகிதங்களைத் தன் வீட்டிலேயே வைத்திருந்தார். 2002-ல் அவர் இறந்தபின் அதில் சில பக்கங்கள் பிளேடுக்கு வந்துசேர்ந்தன. சில பக்கங்கள்தான். அந்தப் பக்கங்கள் எந்த மேசைக்கும் வந்திருக்கலாம். வந்த இடத்தில் ஆசிரியர் குழு மைக்கேல் சல்லா, மிட்ச் வைஸ், ஜோ மார் என்ற நிருபர்களை மாதக்கணக்கில் வேறு வேலை பார்க்கவிடாமல் இதிலேயே விட்டது. அரசு ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்தார்கள், அந்த அணியில் இருந்தவர்களைத் தேடிப்பிடித்துக் கதவைத் தட்டினார்கள், வியட்நாமுக்குப் போய் அந்தக் கிராமங்களில் உயிரோடு இருந்தவர்களிடம் பேசினார்கள். 2003 அக்டோபரில் தொடர் வந்தது. 2004-ல் புலிட்சர் பரிசு, பிளேடுக்கு அது முதல் முறை.

பெரிய பத்திரிகைகளுக்கு இது முடியாத காரியமா? முடியும். அவர்களிடம் ஆள் அதிகம், பணம் அதிகம். ஆனால் அங்கே நாளைக்கு வேறொரு போர் இருக்கும். 2003-ல் இராக் இருந்தது. முப்பத்தாறு வருஷத்துக்கு முந்தைய கொலைகளின் கோப்பை எடுத்துவைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார டொலிடோவில் அவகாசம் இருந்தது.

அடுத்த கதை உள்ளூர்க் கதை. வேலையில் அடிபட்ட தொழிலாளர்களுக்கு நஷ்டஈடு கொடுக்க ஓஹையோ அரசு ஒரு நிதி வைத்திருக்கிறது. அதிலிருந்து 5 கோடி டாலரை எடுத்து, பழைய அரிய நாணயங்கள் வாங்கி விற்று லாபம் பண்ணச் சொல்லி ஒரு நாணய வியாபாரியிடம் கொடுத்திருந்தார்கள். அவர் பெயர் டாம் நோ, டொலிடோ பக்கத்து ஆள், ஆளும் குடியரசுக் கட்சிக்கு நிதி திரட்டித் தருபவர். 2005 ஏப்ரலில் பிளேடு இதை முதல் பக்கத்தில் போட்டது. மூன்று லட்சம் டாலர் பெறுமான இரண்டு தங்கக் காசுகள் தபாலில் தொலைந்துபோயிருந்தன என்பது அந்தச் செய்தியில் எனக்கு மறக்காத வரி. கூலித்தொழிலாளியின் நஷ்டஈட்டுப் பணம் தபாலில் தொலைகிறது! தொலைந்தது நாணயம் என்று தமிழில் சொன்னால் போதும், மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. பணத்தில் கோடிக்கு மேல் காணவில்லை என்று தெரிந்தது. நோவுக்கு 18 வருஷம் சிறை. அந்த விசாரணையின் சூட்டிலேயே, மற்றவர்கள் செலவில் கோல்ஃப் ஆடியதைக் கணக்கில் காட்டாத கவர்னர் பாப் டாஃப்ட் குற்றவாளி என்று தீர்ப்பாகி 4,000 டாலர் அபராதம் கட்டினார். பதவியில் இருக்கும்போதே அப்படித் தீர்ப்பான முதல் ஓஹையோ கவர்னர் அவர்தான்.

இவ்வளவும் படித்துவிட்டு ‘ஆகா, நேர்மை’ என்று நீங்கள் சொல்லுமுன் 2007-க்கு வந்துவிடுகிறேன். அந்த மார்ச்சில் ஓஹையோவின் பிளஃப்டன் பல்கலைக்கழக பேஸ்பால் அணி போன பஸ் அட்லாண்டாவில் விபத்துக்குள்ளாகி ஐந்து மாணவ வீரர்கள் இறந்தார்கள். அதன்பின் நடந்த முதல் ஆட்டத்துக்கு முன்னால், மீதி வீரர்கள் இறந்தவர்களின் நினைவுப் பதாகைகளுக்கு எதிரே மண்டியிட்டு நின்றார்கள். பிளேடு அந்தப் படத்தை முதல் பக்கத்தில் போட்டது. அருமையான படம். மற்ற ஓஹையோ பத்திரிகைகளும் அதே காட்சியைப் போட்டிருந்தன. அவற்றில் ஒரு பதாகைக்குக் கீழே, பின்னால் நின்ற யாரோ ஒருவரின் நீல ஜீன்ஸ் போட்ட இரண்டு கால்கள் தெரிந்தன. பிளேடின் படத்தில் கால்கள் இல்லை. அந்த இடத்தில் புல்தரைதான் இருந்தது.

படம் எடுத்தவர் கம்ப்யூட்டரில் கால்களை அழித்திருந்தார். பத்திரிகை அவருடைய மற்ற படங்களையும் துழாவியது. அந்த வருஷம் ஜனவரியிலிருந்து மட்டும் 79 படங்களில் கைவைத்திருந்தார். எங்கோ ஒரு படத்தில் பந்து சேர்க்கப்பட்டிருந்தது, எங்கோ ஒரு மரக்கிளை காணாமல்போயிருந்தது. அவர் விலகினார். 79 என்ற எண்ணையும் சேர்த்து பிளேடு தன் பக்கத்திலேயே போட்டு மன்னிப்புக் கேட்டது. அதற்கு முந்தின வருஷம்தான் சம்பள ஒப்பந்தத் தகராறில் தன் தொழிலாளர்களையே வெளியே நிறுத்திக் கதவடைப்பு செய்திருந்தது. தொழிலாளர் நஷ்டஈட்டுப் பணத்துக்காகக் கவர்னரைக் கூண்டில் ஏற்றிய அதே பத்திரிகை.

ஆகவே, சின்னப் பத்திரிகைக்கு நேர்மை அதிகம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த மைதானத்தில் நின்றவர்கள் எல்லாம் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். நின்றவருக்குத் தன் கால் எங்கே இருந்தது என்று தெரியும், அவருடைய பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும். வியட்நாமில் என்ன நடந்தது என்று தவறாக எழுதினால் டொலிடோவில் கேட்க ஆளில்லாமல் இருக்கலாம். பிளஃப்டனில் ஒரு கால் காணாமல்போனால் மறுநாளே தெரிந்துவிடும்.

இப்போது பிளேடு தினமும் அச்சில் வருவதில்லை. மற்ற நாட்களில் திரையில்தான். மாதக்கணக்கில் ஒரு கோப்போடு உட்காருகிற அந்த மேசைக்கு இப்போது யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று நீங்கள் அடுத்த கடிதத்தில் கேட்கலாம், பதில் சொல்ல முயல்கிறேன்.

உங்கள் ஆபீஸ் பிளேடுக்கு என் வணக்கம். ஒரு நாளாவது டீக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.