காணி உறுதியை இப்போதைக்கு எடுக்க வேண்டாம்

ஐயா,

குவான்ட் ஃபினான்ஸ் (நிதிக் கணக்குகளுக்குக் கணிதத்தைப் பயன்படுத்தும் துறை) முதுகலைக்கு மகளுக்கு பிட்ஸ்பர்க், லண்டன், சூரிச் என மூன்று இடத்தில் அனுமதி கிடைத்ததைச் சொன்ன கையோடு, உப்புவெளிக் காணியை ஈடு வைக்கலாமா என்றும் கேட்டீர்கள். எந்த இடம் என்று முடிவானால்தான் காணியைப் பற்றிப் பேசலாம்.

தரவரிசையை விட்டுவிடுங்கள். மூன்றிலும் படிப்பிப்பது ஏறத்தாழ ஒன்றுதான்: நிகழ்தகவு, ஸ்டோகாஸ்டிக் கால்குலஸ் (தற்செயலாக மாறும் அளவுகளுக்கான நுண்கணிதம்), புள்ளிவிபரவியல், கணினி நிரலாக்கம். கணிதத்தில் சிறப்புப் பட்டம் எடுத்தவளுக்கு அது எட்டும். அவளிடம் இல்லாதது நிதி நிறுவன அனுபவம். ஆகவே, படிப்புக்கு நடுவில் ஒரு கோடை விடுமுறை வருகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன்.

பிட்ஸ்பர்க்கில் கார்னகி மெலனின் பாடநெறி 16 மாதம். நடுவில் வரும் கோடையில் நிறுவனங்களுக்கு இன்டர்ன்ஷிப் (பயிற்சி வேலை) போவார்கள். பெரிய வங்கிகள் பலரை நிரந்தரமாக எடுப்பது அந்த வழியால்தான். பாடநெறி 'ஸ்டெம்' (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) வகையில் இருந்தால், படிப்பு முடிந்தபின் 12 மாதத்தோடு மேலும் 24 மாதம் அமெரிக்காவில் வேலை செய்ய இடமுண்டு. லண்டன் இம்பீரியலில் ஒரே வருடம். போய் இறங்கிய சில கிழமைக்குள் வேலை விண்ணப்பம் போடத் தொடங்க வேண்டும். திருகோணமலையிலிருந்து நேரே போகிற பிள்ளைக்கு, அறை தேடி, குளிருக்குப் பழகி, அதையும் செய்வது பெரும் பாரம். சூரிச்சில் கட்டணம் மிகக் குறைவு, வாடகையும் சாப்பாடும் கடும் விலை. படிப்பு முடிந்து வேலை தேட 6 மாதம்தான் தருவார்கள். ஐரோப்பியர் அல்லாதவர்களின் வேலை அனுமதிக்கு ஆண்டுக்கு இத்தனைதான் என்ற ஒதுக்கீடும் உண்டு.

இனிக் காணி. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. முதல் தவணை கட்டியபின் அப்படி ஒன்று நடந்தால், காணியும் போய்ப் படிப்பும் பாதியில் நிற்கும். கட்டணத்தை இன்றைய டொலர் விலைக்குப் பார்க்காமல், அரைவாசி கூட்டிப் பாருங்கள். அப்போதும் சமாளிக்க முடியாவிட்டால் கடன் வேண்டாம்.

என் எண்ணம் இது: பல்கலைக்கழகமே உதவித்தொகை தந்தால் பிட்ஸ்பர்க், இல்லையென்றால் சூரிச். லண்டனை விடலாம். ஒரு வருடம் பிற்போட அனுமதி கிடைத்தால், அதற்குள் கொழும்பில் வேலை பார்ப்பது இன்னும் நல்லது. பிள்ளைக்குக் கை பழகும்.

இன்றிரவே பிட்ஸ்பர்க், சூரிச் இரண்டு இடத்துக்கும் மகளை எழுதச் சொல்லுங்கள்: முன் அனுபவம் இல்லாமல் வந்த வெளிநாட்டு மாணவர்களில் எத்தனை பேருக்குப் படிப்பு முடிந்து மூன்று மாதத்துக்குள் வேலை கிடைத்தது? பதில் வரும்வரை உறுதி அலுமாரியிலேயே இருக்கட்டும்.