வெளிநாட்டில் ஸ்பீச் தெரபிஸ்டாக வேலை பார்க்க மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டுமா?

கேள்வியில் இரண்டு பாகம் இருக்கிறது. சொந்த நாட்டில் பேச்சு மொழி சிகிச்சை படித்தவர் பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் அந்த வேலைக்குப் போக, அங்கே இன்னொரு பட்டம் வாங்க வேண்டுமா என்பது முதல் பாகம். அதோடு கேள்வி கேட்டவர் போகிற போக்கில் ஒன்றைச் சேர்த்திருக்கிறார்: "நம்ம உச்சரிப்பை வைத்துக்கொண்டு அவர்கள் பிள்ளைக்குப் பேச்சு சொல்லிக்கொடுக்க யார் விடுவார்கள்?" முதல் கேள்வி மட்டும் இருந்திருந்தால் பேசாமல் கடந்து போயிருப்பேன்.

மறுபடியும் படிக்க வேண்டுமா என்பதற்குச் சுருக்கமாகச் சொன்னால், பல நாடுகளில் வேண்டியதில்லை. ஆனால் ஏற்கெனவே படித்ததை நிரூபிக்க வேண்டும். படித்ததைவிட அது அலுப்பான வேலை.

கேட்டவர் இளநிலைப் பட்டம் முடித்து, கொஞ்ச காலம் ஏதாவது மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ வேலை பார்த்தவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் படித்தது எந்த நாடு, எந்த ஊர், எந்த மருத்துவமனை என்று இங்கே சொல்லப் போவதில்லை. துறை சின்னது. இரண்டு வரி எழுதினாலே ஆள் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

கணவரின் வேலைக்காக பிரிட்டன் வந்தேன். இங்கே 'ஸ்பீச் அண்ட் லாங்குவேஜ் தெரபிஸ்ட்' என்ற பெயரைச் சட்டம் பாதுகாக்கிறது. ஹெச்சிபிசி என்கிற ஒழுங்குமுறை கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இல்லாமல் அப்படிச் சொல்லிக்கொண்டால் குற்றம். ஆர்சிஎஸ்எல்டி என்று இன்னொன்று இருக்கிறது. பெயரில் கல்லூரி என்று இருந்தாலும் அது இந்தத் தொழிலில் இருப்பவர்களின் சங்கம். அதில் உறுப்பினராவதும் பதிவு பெறுவதும் ஒன்றல்ல. புதிதாக வருகிற பலரும் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பதிவு கிடைக்கும்வரை நான் தெரபி அசிஸ்டெண்டாக இருந்தேன். தெரபிஸ்ட் எழுதிக்கொடுத்த திட்டப்படி குழந்தைகளோடு உட்கார்ந்து பயிற்சி கொடுக்கிற வேலை. அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, நிறையக் கற்றுக்கொண்டேன். ஆனால் நோயறிதல் என் கையில் இல்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு என்ன சிக்கல் என்று எனக்குத் தெரியும், அதைச் சொல்லும் அதிகாரம் கிடையாது. அந்த மாதங்கள் அப்படித்தான் போயின.

ஹெச்சிபிசி பெரிய பரீட்சை எதுவும் வைப்பதில்லை. இந்தத் தொழிலுக்கென்று அவர்கள் வகுத்திருக்கிற தகுதி நிலைகளை (இப்போது இருப்பவை 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தவை) நம் படிப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பார்ப்பவர்கள் குமாஸ்தாக்கள் அல்ல, இதே தொழிலில் இருக்கிற மதிப்பீட்டாளர்கள். படிப்பில் ஏதாவது குறை தெரிந்தால், வேலை அனுபவம் அதை ஈடுகட்டுகிறதா என்று பார்ப்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அந்த அனுபவத்தைக் காகிதத்தில் காட்டச் சொல்லும்போதுதான் நான் மாட்டினேன்.

என் பாடத்திட்டத்தில் டிஸ்பேஜியா, அதாவது விழுங்குவதில் வரும் சிரமம், ஒரு பாடத்துக்குள் ஒரு பகுதியாக மட்டும் இருந்தது. பக்கவாதம் வந்தவர், தலையில் அடிபட்டவர், தொண்டைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர் எல்லோருக்கும் சாப்பாடும் தண்ணீரும் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் இறங்குகிறதா என்று பார்ப்பது பிரிட்டனில் எங்கள் வேலை. பெரியவர்களுக்கான மருத்துவமனைப் பணியில் பாதிக்கு மேல் இதுவாகவே இருக்கும். திரவத்தை எவ்வளவு கெட்டியாகக் கொடுப்பது, சாப்பாட்டை எவ்வளவு மசித்துக் கொடுப்பது என்பதற்கு 0 முதல் 7 வரை ஐடிடிஎஸ்ஐ என்ற சர்வதேச அளவுகோலே உண்டு. இதில் போதிய சான்று இல்லை, கூடுதல் விவரம் அனுப்புங்கள் என்று மதிப்பீட்டாளர்கள் கேட்டார்கள்.

என்னிடம் அனுபவம் இருந்தது. முந்தைய மருத்துவமனையில் நரம்பியல் வார்டிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் தினமும் இதைத்தான் செய்தேன். சரி, அனுபவச் சான்றிதழ் கேட்போம் என்று எழுதினேன். வந்த கடிதத்தில் என் பதவி 'ஆடியோமெட்ரி டெக்னீஷியன்', அதாவது காது கேட்கும் திறனைச் சோதிக்கிற ஊழியர், என்று இருந்தது.

சம்பளப் பட்டியலில் அப்படித்தான் பதிந்திருக்கிறார்கள். அந்தப் பெயரில்தான் பணியிடம் ஒப்புதலாகியிருக்கிறதாம், மாற்ற முடியாதாம். செய்த வேலையையாவது கீழே விவரமாக எழுதுங்கள் என்றேன். "எல்லோருக்கும் கொடுக்கிற ஃபார்மட் இதுதான் மேடம்" என்று பதில். காது மூக்கு தொண்டைப் பிரிவின் தலைவர், தன் பிரிவில் விழுங்குதல் சிகிச்சை தனியாக நடந்ததாகத் தன்னால் எழுத முடியாது என்றார். நடந்தது நரம்பியல் வார்டில், அதனால் அவர் சொன்னது எழுத்தளவில் உண்மை. கடைசியில் அந்த நரம்பியல் மருத்துவர்தான் காப்பாற்றினார். எந்த வகை நோயாளிகள், என்ன மதிப்பீடு, யார் மேற்பார்வை என்று தன் கையெழுத்தோடு விரிவாக எழுதிக் கொடுத்தார். நோயாளியின் பெயரோ கோப்பு நகலோ அதில் எதுவும் இல்லை. அவசரத்தில் சிலர் கேஸ் ஃபைலையே ஸ்கேன் செய்து அனுப்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ரகசியம் காக்கத் தெரியாதவர் என்பதற்கு நீங்களே சான்று கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அந்த 'டெக்னீஷியன்' என்ற பெயர் தற்செயலாக விழுந்ததல்ல. காது கேளாத குழந்தைக்கு உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை முடிந்தால் மருத்துவர்கள் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள், பத்திரிகையிலும் வரும். கருவியைப் பொதுவாக அறுவை அன்றே இயக்குவதில்லை. காயம் ஆறி, சில வாரம் கழித்துத்தான் இயக்குவார்கள். அன்றைக்கு அந்தக் குழந்தைக்குக் கேட்பது வெறும் சத்தம். அந்தச் சத்தத்தில் அம்மாவின் குரல் எது, மின்விசிறி எது என்று பிரித்தறியப் பழக்கி, ஒரு சொல் வரவைத்து, இரண்டு சொல்லைச் சேர்க்க வைத்து, பள்ளிக்கூடம் அனுப்புகிறவரை வருஷக்கணக்கில் கூட உட்காருகிறவரை எந்தப் போட்டோவிலும் பார்க்க முடியாது. ஒரு குழந்தை முதல்முறை வாய் திறந்து கூப்பிட்டபோது அதன் பாட்டி என்னிடம் கேட்டார், "ரொம்ப சந்தோஷம்மா, டாக்டர் எப்ப வருவாரு?" பாட்டி மேல் கோபமில்லை. அவருக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தது நாங்கள் வேலை பார்த்த இடம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த தடை ஆங்கிலத் தேர்வு. நான் விண்ணப்பித்தபோது ஹெச்சிபிசி பிசியோதெரபிஸ்ட் உள்ளிட்ட மற்ற தொழில்களுக்கு ஐஇஎல்டிஎஸ் அகாடெமிக்கில் மொத்தம் 7.0, எந்தப் பகுதியிலும் 6.5க்குக் குறையக் கூடாது என்று கேட்டது. எங்களுக்கு மட்டும் மொத்தம் 8.0, எதிலும் 7.5க்குக் குறையக் கூடாது. இங்கே மருத்துவராகப் பதிவு செய்யவே 7.5 போதும். மொழிதான் எங்கள் கருவி என்பதால் கூடுதலாகக் கேட்கிறார்கள். அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பேசுவதிலும் கேட்பதிலும் கூடுதலாகக் கேட்டால் சரி, கட்டுரை எழுதுவதிலும் 7.5 எதற்கு என்று நான் இன்றைக்கும் கேட்பேன். என்னோடு தயாரானவர்களில் பலர் விழுந்தது எழுத்தில்தான். மதிப்பெண்ணுக்கு இரண்டு வருஷம்தான் ஆயுள் என்பதையும் மறக்காதீர்கள். கல்லூரிக் காகிதங்கள் வருவதற்குள் மதிப்பெண் காலாவதியாகி, மறுபடி எழுதியவர்கள் உண்டு. காகிதங்களைச் சேர்த்துக்கொண்டு அப்புறம் தேர்வு எழுதுங்கள்.

"நர்ஸுகளுக்கு இதைவிடக் கஷ்டம்" என்று யாராவது சொல்ல வருவார்கள். இருக்கலாம். அவர்கள் கஷ்டத்தைக் குறைத்துப் பேசவில்லை, கேள்வி இதைப் பற்றியது என்பதால் இதை எழுதுகிறேன். "சொந்த ஊரில் தெரபிஸ்ட் பற்றாக்குறை, நீங்கள் ஓடிவிட்டீர்கள்" என்பவர்களுக்கு, மேலே இருக்கிற சம்பளப் பட்டியல் கதையை இன்னொரு தடவை படிக்கச் சொல்வேன்.

இப்போது உச்சரிப்பு. ஆங்கிலத்தில் சொல்லின் முதலில் வரும் 'ப' ஒலியோடு மூச்சுக் காற்று சேர்ந்து வரும். தமிழ் பேசுபவர் காற்றில்லாமல் சொல்வார், ஆங்கிலக் காதுக்கு அது சில நேரம் வேறு எழுத்தாக விழும். உதட்டைக் குவித்துச் சொல்வதும் பல்லைத் தொட்டுச் சொல்வதுமாக ஆங்கிலத்தில் இரண்டு 'வ' உண்டு. நாம் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவோம். என் நாக்கு எங்கே நிற்கிறது, எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கேட்டும் பார்த்தும் பிரித்தறியத்தான் ஒலியியல் என்று வருஷக்கணக்கில் படித்தோம். குழந்தைக்குக் காட்ட வேண்டிய ஒலியை வேண்டிய நேரத்தில் சரியாகச் செய்து காட்டத் தெரிய வேண்டும். அது என்னால் முடியும். மற்ற நேரத்தில் நான் எப்படிப் பேசுகிறேன் என்பது என் ஊரின் அடையாளம், கோளாறு அல்ல. உச்சரிப்பு வேறுபாட்டுக்கும் பேச்சுக் கோளாறுக்கும் வித்தியாசம் தெரிவது எங்கள் முதல் வருஷப் பாடம். இந்தத் தொழிலின் அமெரிக்கச் சங்கமான ஆஷா 1998லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறது. நோயறிதலிலும் சிகிச்சையிலும் தேவையான திறமை இருந்து, இலக்கு ஒலியைச் செய்து காட்டவும் முடிந்தால், வேற்று உச்சரிப்பு இந்தத் தொழிலுக்குத் தடையில்லை என்பது அதன் நிலைப்பாடு.

தவிர, பேச்சொலி திருத்துவது மட்டுமா எங்கள் வேலை? பக்கவாதத்துக்குப் பிறகு சொற்கள் வராத அஃபேசியா, திக்குவாய், குரல் கோளாறு, பேசவே முடியாதவருக்குப் படப் பலகையோ கண்ணால் இயக்கும் கருவியோ அமைத்துக்கொடுப்பது, அப்புறம் அந்த விழுங்குதல். தண்ணீர் எந்தக் குழாயில் இறங்குகிறது என்பதற்கும் என் உச்சரிப்புக்கும் சம்பந்தமில்லை. வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளரும் பிள்ளை வரும்போது, இரண்டு மொழியிலும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். "இரண்டு மொழி பேசுவதால்தான் பேச்சு தாமதம், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று யாரோ சொல்லி அனுப்பிய பெற்றோரை எத்தனையோ பேர் பார்த்துவிட்டேன். அது தவறு, இரண்டு மொழி பேச்சுக் கோளாறை உண்டாக்காது. அந்த நேரத்தில் அறையில் யார் இருந்தால் நல்லது என்று கேட்டவரே யோசிக்கட்டும்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இளநிலை மட்டும் போதாது, முதுநிலை அடிப்படைத் தேவை. ஆஷாவின் சான்றிதழுக்கு 400 மணி நேர மருத்துவப் பயிற்சி கேட்பார்கள், அதில் 25 மற்றவர் செய்வதைக் கூட இருந்து பார்ப்பது, 375 நோயாளிகளோடு நேரடியாகச் செய்வது. இந்தத் தொழிலுக்கான ப்ராக்ஸிஸ் என்ற தேர்வில் 162 எடுக்க வேண்டும். அதற்கு மேல் குறைந்தது 36 வாரம், 1,260 மணி நேரம் மேற்பார்வையில் வேலை, அதை ஃபெலோஷிப் என்பார்கள். மாநில உரிமம் தனி. வெளிநாட்டில் படித்தவருக்கு விசாவுக்காக, படிப்பையும் தகுதியையும் சரிபார்த்துக் கொடுக்கும் விசாஸ்க்ரீன் சான்றிதழும் வேண்டும். கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் ஒழுங்குமுறை அமைப்பு வேறு, அங்கேயும் முதுநிலைதான், க்யூபெக் என்றால் பிரெஞ்சு. ஆஸ்திரேலியாவில் இந்தத் தொழிலுக்கு அரசுப் பதிவேடே கிடையாது. ஸ்பீச் பேத்தாலஜி ஆஸ்திரேலியா என்ற சங்கம்தான் தகுதியை மதிப்பிடும், குடியேற்றத்துக்கும் அதன் கடிதம்தான். அயர்லாந்தில் கோரு என்ற ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு. சிங்கப்பூரில் வெளிநாட்டில் படித்தவர் முதலில் மேற்பார்வையோடு நிபந்தனைப் பதிவில் வேலை செய்ய வேண்டும்.

ஆறு நாட்டுச் சங்கங்கள் ஒன்றையொன்று அங்கீகரிக்கிற ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது: அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. ஏஜென்டுகள் இதைக் காட்டி "ஒரு இடத்தில் வாங்கினால் ஆறிலும் செல்லும்" என்று பணம் பிடுங்குகிறார்கள். அது அந்தச் சங்கங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. அதை வைத்து ஹெச்சிபிசி பதிவோ அமெரிக்க மாநில உரிமமோ தானாக வந்துவிடாது.

கேட்டவர் இன்னும் படித்துக்கொண்டிருந்தால் இன்றைக்கே செய்ய வேண்டியது லாக் புக். பெரியவர்கள் எத்தனை மணி நேரம், குழந்தைகள் எத்தனை, எந்தக் கோளாறு என்று பிரித்து எழுதி, மேற்பார்வையாளரின் கையெழுத்தையும் முத்திரையையும் அப்போதைக்கப்போதே வாங்கிவிடுங்கள். நீங்கள் படித்த வருஷத்துப் பாடத்திட்டத்தின் முழு நகலையும் கல்லூரியை விட்டு வெளியேறும் முன் வாங்குங்கள், திட்டம் மாறிய பிறகு பழையதை யாரும் தேடித் தர மாட்டார்கள். வேலையில் சேரும்போது நியமன ஆணையில் பதவியின் பெயரைப் படித்துப் பார்த்து, தவறாக இருந்தால் சேரும் முன்பே மாற்றச் சொல்லுங்கள். உங்கள் நாட்டுப் பதிவை இடையில் விட்டுவிடாமல் புதுப்பித்துக்கொண்டே இருங்கள், அங்கிருந்து நன்னடத்தைக் கடிதம் கேட்பார்கள். மதிப்பெண் அளவும் விதிகளும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் அன்று அந்தந்த அமைப்பின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், என் பதிலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு என்னோடு சண்டைக்கு வராதீர்கள்.

கருத்துப் பகுதியில் ரெஸ்யூம் போட வேண்டாம். நான் வேலை வாங்கித் தருகிற ஆள் இல்லை. பாடத்திட்டத்தை எப்படிப் பொருத்திக் காட்டுவது என்று சந்தேகம் இருந்தால் கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.