பதில்: அம்மாவுக்குச் சோயா மாத்திரை வாங்கலாமா?

மஞ்சக்குப்பம் சகோதரிக்கு: அம்மாவின் எலும்பு அடர்த்தி அளவு (டி-ஸ்கோர்) மைனஸ் 1.8, அதாவது இயல்பைவிடக் கொஞ்சம் குறைவு, தைராய்டு மாத்திரையும் எடுக்கிறார், சோயாவிலிருந்து எடுக்கும் ஐசோஃபிளேவோன் மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானாக இருந்தால் வாங்க மாட்டேன். அது எலும்பைக் காக்கும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போல வேலை செய்யும் என்பது ஓரளவு உண்மைதான். ஆனால் 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தினமும் 200 மில்லிகிராம் வீதம் இரண்டு ஆண்டுகள் கொடுத்தும் எலும்பு இழப்பு குறையவில்லை. உடல் தகிப்புதான் கூடியது. போதாக்குறைக்கு, தைராய்டு மருந்து உடலில் சேருவதையும் சோயா கெடுக்கலாம்.

அந்தக் காசுக்குத் துறைமுகத்தில் நெத்திலி வாங்கி முள்ளோடு குழம்பு வையுங்கள். கால்சியம் அந்த முள்ளில்தான் இருக்கிறது. பிரண்டைத் துவையலும் செய்யலாம், ருசிக்காக. நாக்கு அரிக்காமலிருக்க நல்லெண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி சேர்த்து அரையுங்கள். மருத்துவர் கால்சியம் மாத்திரை எழுதினால், தைராய்டு மாத்திரை போட்டு நான்கு மணி நேரம் கழித்தே கொடுங்கள். அம்மாவுக்கு ரத்தத்தில் வைட்டமின் டி அளவு பார்த்தாயிற்றா?