புது ஆம்ப்ளிஃபையர் மாட்டிய பிறகு, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ஙொய்ங்' சத்தம் ஏறுகிறது. ஏன்?

இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஏறினால் அது ஆல்டர்னேட்டர் (இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தயாரிக்கும் கருவி) சத்தம். பெரும்பாலும் குற்றவாளி கிரவுண்ட் இணைப்புதான், அதாவது கார் பாடியின் உலோகத்தோடு சேரும் நெகட்டிவ் வயர். ஸ்டீரியோவுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் கிரவுண்ட் மின்னழுத்தம் சற்றே வேறுபட்டாலும், அந்த வித்தியாசம் ஆர்சிஏ கேபிள் (ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு ஒலி சிக்னல் கொண்டு போவது) வழியாகப் பாய்ந்து சத்தமாகக் கேட்கும்.

முதலில் ஆம்ப்ளிஃபையரை அணைத்து, ஆர்சிஏ கேபிளை அதிலிருந்து கழற்றிவிட்டு, கேபிள் இல்லாமலே ஆம்ப்ளிஃபையரை மறுபடி ஆன் செய்யுங்கள். சத்தம் நின்றுவிட்டதா? அப்போது ஸ்டீரியோவின் கிரவுண்டையும் ஆர்சிஏ கேபிளையும் பாருங்கள். அந்த கேபிள் பவர் வயரோடு ஒட்டிப் போகக்கூடாது. ஆளுக்கொரு பக்கமாக இழுப்பது நல்லது. சத்தம் தொடர்ந்தால் ஆம்ப்ளிஃபையரின் கிரவுண்டுதான் சந்தேகம். பெயின்டைச் சுரண்டி, பளபளக்கும் வெறும் உலோகத்தில் இறுக்கமாக போல்ட் போடுங்கள். வயர் அரை மீட்டருக்குள், பவர் வயரின் தடிமனிலேயே இருக்கட்டும். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் தயவுசெய்து மாட்டாதீர்கள், அது உயிர் காக்கும் பாகம்.

இன்ஜின் வேகம் எப்படி இருந்தாலும் மாறாத 'உஸ்' சத்தம் என்றால் ஆம்ப்ளிஃபையரின் கெய்னை (சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்ற அமைப்பு) குறையுங்கள். இந்த கிரவுண்ட் சத்தத்தைத் தடுக்க ஆர்சிஏ கேபிளின் நடுவே மாட்டும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டரை முதலிலேயே வாங்க வேண்டாம். மலிவானவை பேஸை (தாழ்ந்த ஒலியை) குறைத்துவிடும், மூலக் கோளாறும் அப்படியே இருக்கும்.