சோபாவைக் குப்பைக்கு அனுப்பாதீர்கள்
லண்டன் வீட்டைக் காலி செய்கிறோம், சோபாவையும் மகனுக்குச் சின்னதாகிப்போன குளிர்கோட்டுகளையும் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் சோபா மெத்தையைத் தூக்கி, தீப்பாதுகாப்பு லேபிள் இருக்கிறதா பாருங்கள். அதை வெட்டிவிட்டிருந்தால் சாரிட்டி ஷாப்பில் (நன்கொடையாக வரும் பழைய பொருட்களை விற்று அறப்பணிக்குப் பணம் திரட்டும் கடை) எடுக்க மாட்டார்கள். இருந்தால், அப்படிக் கடைகள் நடத்தும் பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் என்ற இதய நோய் அறக்கட்டளைக்குச் சொல்லுங்கள், வீட்டுக்கே வந்து இலவசமாக எடுத்துப்போவார்கள்.

கோட்டுகளைத் துவைத்து, ஜிப் சரியாக ஓடுகிறதா பார்த்து, பக்கத்தில் இருக்கும் ஆக்ஸ்ஃபாம் அறக்கட்டளைக் கடையில் கொடுங்கள். ‘கிஃப்ட் எய்டு’ படிவத்தை மறக்காமல் கேளுங்கள். நீங்கள் வருமான வரி கட்டுபவர் என்றால், உங்கள் பொருட்களை விற்ற பணத்தில் பவுண்டுக்கு 25 பென்ஸ் வீதம் அரசு அந்த அறக்கட்டளைக்குச் சேர்த்துக் கொடுக்கும்.

அப்புறம், அங்கேயே கம்பளி ஸ்வெட்டர்களைத் துழாவிப் பாருங்கள். பழைய பின்னலின் கனமும் மென்மையும் தொட்டாலே தெரியும், எனக்கு அவ்வளவு பிடிக்கும்! மகனின் கார் சீட்டை மட்டும் கொண்டுபோக வேண்டாம், பாதுகாப்புக் காரணத்தால் பொதுவாக வாங்குவதில்லை.