வாசகர் கேள்வி–பதில்: வீடுகள் குறைந்த ஊரில் சபை

தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் தேரிக்காட்டு (செம்மணல் மேட்டு) ஊர்களில் உள்ள நம் தென்னிந்தியத் திருச்சபைச் சபையாரிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பலவும் ஒரே கவலையை வெவ்வேறு வகையில் சொல்வதால், இந்த இதழில் அவற்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் விருப்பப்படி அவர்களுடைய பெயர்களையும் ஊர்ப் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் ஊரில் ஒரு காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் இருந்தன. பனைத்தொழில் நொடித்த பிறகு பிள்ளைகள் எல்லாரும் சென்னைக்கும் மும்பைக்கும் போய்விட்டார்கள். இப்போது 18 வீடுகளில்தான் விளக்கு எரிகிறது. அவற்றிலும் பெரும்பாலும் முதியவர்களே இருக்கிறோம். சேகர குரு பல ஊர்களைக் கவனிக்க வேண்டியிருப்பதால் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருகிறார். ஊரில் ஆராதனை நடத்திவந்த பழைய உபதேசியார் ஓய்வு பெற்ற பின் வேறொருவர் வரவில்லை. மற்ற ஞாயிறுகளில் கோவிலைப் பூட்டிவிட்டுப் பக்கத்துப் பெரிய ஊருக்குப் போய்விடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். இவ்வளவு சிறிய கூட்டத்தைச் சபை என்று சொல்ல முடியுமா? (ஒரு வாசகி, சாத்தான்குளம் பகுதி)

பதில்: சகோதரி, தாராளமாகச் சொல்லலாம். இரண்டு மூன்று பேர் தம் பெயரால் கூடுகிற இடத்தில் தாம் இருப்பதாக ஆண்டவர் வாக்குக் கொடுத்தபோது அதற்குமேல் ஓர் எண்ணிக்கையை அவர் நிபந்தனையாக வைக்கவில்லை. பவுல் அப்போஸ்தலன் வாழ்த்துச் சொல்லி எழுதிய சபைகளில் சில, ஒரு வீட்டுக்குள் அடங்கிவிட்ட சபைகள்தாம்.

உங்கள் வட்டாரத்துச் சரித்திரமும் இதையே சொல்கிறது. சுந்தரானந்தம் தாவீது என்ற உபதேசியார் வழியாக விசுவாசத்துக்கு வந்தவர்கள், துன்புறுத்தப்பட்டு, கூடி ஜெபித்த இடத்தையும் இழந்த நிலையில், 1799ஆம் ஆண்டில் நிலம் வாங்கித் தனியாகக் குடியேறிய ஊர்தான் முதலூர். அதன்பின் 1802இல் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆனால் அடுத்து வந்த பத்தாண்டுகளுக்கு மேலான காலத்தில் அவர்களைக் கவனிக்க மிஷனரி ஒருவரும் அங்கே நிலையாகத் தங்கவில்லை. இருந்த குருமார்களும் மிகச் சிலர். 1816இல் பாளையங்கோட்டைக்கு இராணுவக் குருவாக வந்த ஜேம்ஸ் ஹஃப், பல ஊர்களில் சிதறிக் கிடந்த சிறு சிறு சபைகள் அப்போதும் உயிரோடு இருப்பதைக் கண்டார். பலர் பின்வாங்கிப் போயிருந்தார்கள் என்பதும் உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் எஞ்சியிருந்தவர்களைக் காத்தது குருவானவரின் வருகையன்று. சாயங்காலந்தோறும் ஊரைக் கூட்டி, ஒரு வேதபகுதியை வாசித்து, ஜெபித்து அனுப்பிய உபதேசிமாரும், அவர்கள் அழைத்தபோது வந்து உட்கார்ந்த வீட்டாரும்தான் அந்தச் சபைகளைத் தாங்கினார்கள்.

ஆகவே உங்கள் ஊரில் பூட்டுப் போடுவதைப் பற்றிப் பேசுவதற்கு முன், ஆராதனையை நடத்தப் போகிறவர் யார் என்பதை முதலில் பேசுங்கள். காலை ஆராதனையையும் மாலை ஆராதனையையும் குருப்பட்டம் பெறாத சபையார் ஒருவர் நம் ஜெபப் புத்தகத்தின்படி நடத்த முடியும். குருவானவருக்கே உரிய பாவவிமோசனக் கூற்றையும் ஆசீர்வாதத்தையும் விட்டுவிட்டு, மற்றவற்றை ஒழுங்காக வாசித்தால் போதும். திருவிருந்துக்கு மட்டும் ஐயர் (குருவானவர்) வரும் ஞாயிறு வரையில் காத்திருக்க வேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியையோ, ஞாயிறு பள்ளியில் வளர்ந்த ஒரு மகளோ உங்கள் 18 வீடுகளில் கண்டிப்பாக இருப்பார். அவருடைய பெயரைச் சேகர குருவிடம் கொடுத்து, அனுமதி பெற்று, குருவானவர் வரும் ஞாயிறுகளில் கொஞ்சம் பயிற்சியும் கேளுங்கள். பிரசங்கம் செய்யத் தெரியவில்லையே என்று அவர் தயங்கினால், பிரசங்கம் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு சங்கீதம், இரண்டு வேதபாடங்கள், விசுவாசப் பிரமாணம், நோயாளிகளின் பெயர்களைச் சொல்லி ஒரு ஜெபம், எல்லாருக்கும் மனப்பாடமான ஒரு கீர்த்தனை ஆகியவை முழுமையான ஆராதனைதான். பக்கத்து ஊர் வரை நடக்க முடியாத முதியவர்கள் உங்கள் ஊரில் இருக்கும்போது கோவிலைப் பூட்டுவது, அவர்களுக்கு ஆராதனையே இல்லாமல் செய்வதாகும் என்பதை அப்படிச் சொல்கிறவர்களிடம் அன்போடு எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கைப்பிடி அரிசி சேர்த்து வருகிறோம். முன்பு வீட்டில் குத்திய அரிசியைப் போட்டார்கள். இப்போது பாதிப் பேர் ரேஷன் அரிசியைப் போடுகிறார்கள். அதை விற்றால் கிடைப்பதும் சொற்பம். இந்த வழக்கத்தை விட்டுவிட்டு வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் என்று வாங்கிக்கொள்ளலாமா? (ஒரு சங்கச் செயலாளர், நாசரேத் பகுதி)

பதில்: ரூபாயை வாங்குங்கள், அரிசியையும் விடாதீர்கள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போடுவது, அடுப்படியில் நிற்கிற பெண் தன் கையால், யாரிடமும் பணம் கேட்காமல், தானே கொடுக்கக்கூடிய காணிக்கையாக இருந்தது. கணவன் சம்பாத்தியத்தில் கையிருப்பு என்று ஒன்றும் இல்லாத பெண்களும் ஊழியத்தைத் தாங்கியது இப்படித்தான். மிசோரம் சபைகளில் 1910 முதல் இதே வழக்கம் நடந்து வருகிறது. அங்கே வாரந்தோறும் வீடு வீடாகச் சென்று அரிசியைச் சேகரிக்கிறார்கள், அந்த வருமானம் இன்றும் அவர்களுடைய ஊழியச் செலவில் பெரும்பங்கு வகிக்கிறது. நம் பக்கத்திலும், பாளையங்கோட்டையில் 1903இல் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கி, தெலுங்கு நாட்டில் தோர்னக்கல் பகுதிக்குத் தன் ஊழியரை அனுப்பியபோது, அதைத் தாங்கியது பெருந்தனக்காரர்களின் பணம் மட்டுமல்ல, இத்தகைய சிறு காணிக்கைகளும்தான். அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் ஒரு கிராமத்துக் குருவானவரின் மகனாகப் பிறந்த அசரியா. 1912இல் இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பேராயராக உயர்ந்த பின்னும் அவர், ஏழைச் சபை கொடுக்கப் பழகவேண்டும் என்பதைப் போதிப்பதை நிறுத்தவேயில்லை.

ரேஷன் அரிசியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஒரு வீட்டில் உண்பது ரேஷன் அரிசியாக இருந்தால், அதில் ஒரு பிடி கொடுப்பது முழு மனதோடு கொடுப்பதே. வீட்டில் பொன்னி அரிசியைச் சமைத்துவிட்டுக் கோவிலுக்கு மட்டும் ரேஷன் அரிசியைத் தனியாக எடுத்து வைப்பதுதான் தவறு, அதைச் சங்கக் கூட்டத்தில் ஒருமுறை வெளிப்படையாகவே பேசிவிடலாம். சேர்ந்த அரிசியை விற்றே ஆகவேண்டும் என்பதும் இல்லை. உங்கள் ஊரில் தனியாக வாழும் விதவைகளுக்கும் படுக்கையில் இருப்பவர்களுக்கும் அதை நேரடியாகக் கொடுத்து, கணக்கில் எழுதிவையுங்கள்.

கேள்வி: எங்கள் கோவில் 100 ஆண்டுகளைக் கடந்தது. ஓடுகள் ஒழுகுகின்றன, சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது. வெளியூரில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள், இதை இடித்துவிட்டு உயர்ந்த கோபுரத்தோடு புதிய கோவில் கட்டப் பணம் தருவதாகச் சொல்கிறார்கள். ஊர்ப் பொது விருந்தான அசனப் பண்டிகைக்கு எல்லாரும் வரும்போது இடம் போதவில்லை என்பது அவர்கள் காரணம். மற்ற நாட்களில் வருகிறவர்கள் முப்பது பேர்தான். (ஒரு சபை கமிட்டி உறுப்பினர், உடன்குடி பகுதி)

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு நாள் வருகிற கூட்டத்துக்குப் பந்தல் போடலாம். அசனத்துக்கு எப்படியும் பந்தல் போடத்தானே செய்கிறோம். முப்பது பேர் கூடும் ஊரில் ஐந்நூறு பேருக்கான கோவிலைக் கட்டினால், அதைப் பெருக்கவும், வெள்ளையடிக்கவும், மின்கட்டணம் கட்டவும் அந்த முப்பது பேர்தான் கடைசிவரை பாடுபட வேண்டும்.

வெளியூர்ப் பிள்ளைகளின் அன்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பிறந்த ஊருக்கு எதையாவது செய்யவேண்டும் என்ற தாகம் அவர்களிடம் இருப்பதால்தான் பல சிற்றூர்களில் இன்றும் பண்டிகை நடக்கிறது. ஆட்டுக்கறிக் குழம்போடு ஊர் முழுதும், பக்கத்து ஊர்களின் இந்து, இஸ்லாமியக் குடும்பங்களும் சேர்ந்து பந்தியில் உட்காரும் அசனம், நம் சபைகளுக்கு வாய்த்திருக்கிற மிக நல்ல சாட்சிகளில் ஒன்று என்றே நினைக்கிறேன். ஆனால் அவர்களுடைய பணம் எதற்குத் தேவைப்படுகிறது என்பதை ஊரில் இருப்பவர்கள்தாம் சொல்லவேண்டும். உபதேசியார் ஒருவருக்கு மாதச் சம்பளம், மருத்துவமனைக்குப் போகும் முதியவர்களுக்கு வண்டி, விடுமுறை வேதாகமப் பள்ளிச் செலவு ஆகியவற்றைப் பட்டியலிட்டுத் துணிந்து கேளுங்கள். கல்வெட்டில் பெயர் பொறிக்க இடமில்லாத செலவுகள் இவை என்பது தெரியும். இருந்தாலும் கேட்கத்தான் வேண்டும்.

கட்டடத்தைப் பொறுத்தவரை, ஒழுகும் ஓடுகளை மாற்றலாம், உளுத்த கைமரங்களை மாற்றலாம். ஈரம் ஏறிய பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்ட் பூசாதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் இன்னும் கெடும். சுண்ணாம்புச் சாந்தில் வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் கிடைக்கிறார்கள். மேலும், நம் கோவில் சொத்துகள் பொதுவாகத் தென்னிந்தியத் திருச்சபை அறக்கட்டளைச் சங்கத்தின் பெயரில் இருப்பதால், திருமண்டலத்தின் (பேராயரின் நிர்வாகப் பகுதியின்) எழுத்துமூலமான அனுமதி இல்லாமல் ஒரு கல்லையும் பெயர்க்க உள்ளூர்க் கமிட்டிக்கு உரிமை இல்லை. இடையன்குடியில் கால்டுவெல் 1847இல் தொடங்கிய கோவில் 1880இல்தான் பிரதிஷ்டை ஆயிற்று. 33 ஆண்டுகள் பொறுத்துக் கட்டிய தலைமுறையின் உழைப்பு நம் ஊர்க் கோவில்கள் பலவற்றிலும் இருக்கிறது. அதை ஒரு கோடை விடுமுறைக்குள் இடித்துவிட அவசரப்பட வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஊரில் இரண்டு கோவில்கள் உள்ளன. எங்கள் தெருவார் ஒன்றிலும், தெற்குத் தெருவில் உள்ள வேறு சமூகத்துக் கிறிஸ்தவர்கள் மற்றொன்றிலும் ஆராதிக்கிறோம். இரண்டிலும் ஆட்கள் குறைந்துவிட்டதால் ஒன்றாகக் கூடலாம் என்று இளைஞர்கள் நாங்கள் சொன்னபோது, ஆராதனையில் கூடினாலும் கல்லறைத் தோட்டம் தனியாகத்தான் இருக்கவேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நாங்கள் என்ன செய்யலாம்? (ஓர் இளைஞர், ஊர் குறிப்பிடப்படவில்லை)

பதில்: தம்பி, நீங்கள் கேட்டிருப்பதுதான் இந்த இதழின் மிக முக்கியமான கேள்வி. உங்கள் பெரியவர்கள் செய்வது பாவம்; இதை இதைவிட மென்மையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே ஞானஸ்நானம் பெற்று, ஒரே அப்பத்தில் பங்குபெற்றவர்களை மண்ணில் வைக்கும்போது பிரிப்பவர்கள், உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறோம் என்று ஞாயிறுதோறும் எந்த அர்த்தத்தில் அறிக்கையிடுகிறார்கள்?

இது இன்று முளைத்த நோயன்று. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடுகள் உடனடியாகவும் முற்றிலுமாகவும் ஒழியவேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்குக் கடிதம் எழுதினார். அதை ஏற்க மனமில்லாமல் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். கடிதத்தால் மட்டும் இது ஒழியாது என்பதை அந்த நிகழ்ச்சி காட்டியது. கடிதமே எழுதாமல் இருந்திருந்தால் நிலைமை நன்றாக இருந்திருக்கும் என்று யாரும் சொல்லவும் முடியாது.

முதலில் தெற்குத் தெருவாரிடம் போய் அவர்களுடைய விருப்பத்தைக் கேளுங்கள். அவர்கள் தங்கள் சொந்தக் காணிக்கையால் கட்டிய கோவிலை விட்டுவிட்டு, உங்கள் கோவிலின் பின்வரிசையில் வந்து உட்காரவேண்டும் என்பது ஐக்கியம் ஆகாது. ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே என்று கூடலாம். கமிட்டியிலும், வேதபாடம் வாசிப்பதிலும், அசனத்துக்குச் சமைப்பதிலும் பரிமாறுவதிலும் இரு தெருவாரும் சமமாக நிற்கவேண்டும். அடுத்து, கல்லறைத் தோட்டத்தைப் பற்றிச் சேகர குருவிடம் எழுத்துமூலமாகக் கொடுங்கள். அவர் தட்டிக்கழித்தால் பேராயருக்கு எழுதுங்கள். பதில் வரும்வரை காத்திருக்காமல், தெற்குத் தெருவில் ஒரு துக்கம் நேரும்போது நீங்கள் இளைஞர்கள் போய்க் குழி வெட்டுங்கள், பெட்டியைச் சுமங்கள், அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். உங்கள் வீட்டில் இதற்காகக் கடுமையான பேச்சுகளைக் கேட்க நேரிடும். அதற்கு ஆயத்தமாக இருங்கள்.

கேள்வி: மகனுக்குத் திருமணம் நிச்சயித்திருக்கிறோம். அவன் துபாயில் வேலை செய்கிறான். பெண் வேறு சேகரத்தைச் சேர்ந்தவள். இப்படி இருக்கையில் மூன்று ஞாயிறுகள் ஓலை (ஆராதனையில் திருமண அறிவிப்பு) வாசிக்கத்தான் வேண்டுமா? எங்கள் ஊரில் எல்லாருக்கும் அவனைத் தெரியுமே! (ஒரு தாயார், மெஞ்ஞானபுரம் பகுதி)

பதில்: வாசிக்கவேண்டும், அம்மா. எல்லாருக்கும் அவனைத் தெரியும் என்பதனால்தான் உங்கள் ஊரில் அது வாசிக்கப்படுகிறது. இந்தத் திருமணத்துக்குத் தடை இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கவேண்டும் என்று கேட்கும்போது, அவனை அறியாத பெரிய நகரத்துச் சபையால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. மணமகன் சபையிலும் மணமகள் சபையிலும் தனித்தனியே மூன்று ஞாயிறுகள் வாசிக்கப்பட வேண்டும். திருமணம் எந்தக் கோவிலில் நடக்கிறதோ அந்தக் குருவானவரிடம், மற்றச் சபையில் ஓலை வாசித்து முடிந்ததற்கான சான்றிதழைக் கொடுக்கவேண்டும். உங்கள் ஊருக்கு ஐயர் எல்லா ஞாயிறும் வராதவரானால், வாசிக்க வேண்டிய நாட்களை முன்கூட்டியே அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மகனுடைய ஞானஸ்நான, திடப்படுத்தல் விவரங்கள் சேகர அலுவலகப் பதிவேட்டில் இருக்கும். அவன் விடுப்பில் வரும் தேதி உறுதியானவுடன், கடைசி வாரம் வரை வைக்காமல், இரண்டு மாதங்களுக்கு முன்பே அந்த நகல்களுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.